சந்தைப் பையும் குளவிக்கூடும்

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கடையில் மாவு நிறுக்கும்போது தராசைப் பார்க்க மாட்டேன், நிறுக்கிறவர் விரலைத்தான் பார்ப்பேன். யாராவது வலிய வந்து சிரித்தால், இவளுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். என் வீட்டுக்காரர், "ஒனக்குக் கடவுளே வந்து கதவத் தட்டுனாலும் அடையாள அட்டையக் கேப்ப" என்று கேலி செய்வார். அவர் சொன்னதில் பாதி நடந்தும் விட்டது.

வயிற்றுக் கட்டியை எடுப்பதற்காக நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா இருந்தார். கிறிஸ்தவர். தினமும் பின்னேரம் பார்க்க வந்தவர்களெல்லாம் போன பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஜெபம் செய்வார். நான் கண்ணை மூடுவதுபோல் மூடிக்கொண்டு காத்திருப்பேன். இப்போது சபைக்கு வா என்பார், இப்போது கழுத்துத் தாயத்தைக் கழற்று என்பார் என்று ஆறு நாள் காத்திருந்தேன். ஆறாம் நாள் அவருக்கு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். பாதி தேய்ந்த சவர்க்காரத்தை, "வெச்சுக்கங்க, ஒங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குதானே" என்று என் அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றுமே கேட்கவில்லை. விலாசம்கூடத் தரவில்லை.

எதையும் கேட்காமல் போகிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வீட்டுக்கு வந்தும் அந்தச் சந்தேகம் விடவில்லை. அந்த அம்மாவை அனுப்பியது யார் என்று பார்த்துவிடலாம் என்றுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் இருக்கிற சின்னச் சபைக்குப் போனேன். கடைசி வாங்கில், கதவுக்குப் பக்கத்தில், ஓடுவதற்கு வசதியாக உட்கார்ந்தேன். அப்புறம் எல்லா ஞாயிறும் அதே வாங்குதான்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள்; வரிசை வீடுகளாக இருக்கிற எங்கள் லயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. கையில் சந்தைப் பையோடு பஸ் ஏறுவேன். சபை முடிந்ததும் ஓடிப்போய் லீக்ஸோ கரட்டோ வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டு திரும்புவேன். "அக்கரப்பத்தனையில இல்லாத மரக்கறியா தலவாக்கலையில?" என்று கேட்டவர்களுக்கு, "அங்க புதுசா கெடைக்கும்" என்று சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியும். "ஒன் சாமி ஒனக்கு, எனக்குக் கறி இருந்தாச் சரி" என்பார். அவர் தேயிலை பெக்டரியில் வேலை. உலகத்தில் எதையும் சந்தேகப்படாத மனுஷன்.

ஏன் மறைத்தேன் என்றால், எங்கள் லயத்தில் வேதத்துக்கு மாறினவளை எப்படிப் பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே பேசியிருக்கிறேன். தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில் ஒரு குடும்பம் மாறியபோது, அரிசி மூட்டைக்கு மாறிவிட்டார்கள் என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்று முதலில் சொன்னவள் நான்தான். பார்த்தேனா என்றால் பார்க்கவில்லை. சும்மா ஒரு சந்தேகம்தான்.

மறைப்பதில் ஒரேயொரு இடத்தில் மட்டும் சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு மலையில் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது பொலி சொல்வது வழக்கம். ஆளுக்கொரு செடி வரிசையாக நிரைகளைப் பிரித்துக் கொடுத்த பிறகு, கங்காணி முதல் பிடி கொழுந்தைக் கிள்ளி, மலைக்குக் காவலிருக்கிற முனியாண்டியின் கல்லில் வைத்துவிட்டு, "பொலி சொல்லுங்க" என்பார். நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் "பொலியோ பொலி" என்போம். பெருக வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். ஆனாலும் கல்லைப் பார்த்துச் சொல்வது எனக்கு நெருடியது. சொல்லாமல் இருக்கவும் தைரியமில்லை. அதனால் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைப்பேன். இருபத்தைந்து பேர் கத்தும்போது ஒருத்தியின் குரல் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினேன்.

அப்போதுதான் ராகலையிலிருந்து அந்தப் பிள்ளை வந்தாள். எங்கள் லயத்துப் பையன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறபோது விரும்பிக் கட்டிக்கொண்டவள். கல்யாணம் முடிந்து மாமியாரிடம் விட்டுவிட்டு அவன் கொழும்புக்குப் போய்விட்டான். நெற்றியில் பொட்டில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "நாங்க கிறிஸ்தவங்க" என்று ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். இவ்வளவு லேசாகச் சொல்கிறாளே, இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு முடிந்து திரும்பிப் பார்க்கிறேன், எனக்குப் பக்கத்து வாங்கில் அவள். அவளோ முகமெல்லாம் சிரிப்பாக, "அக்கா, நீங்களுமா?" என்றாள். நான் அவளைச் சந்தைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "இங்க பாரு, லயத்துல எனக்கு ஒன்னத் தெரியாது, ஒனக்கு என்னத் தெரியாது. வெளங்குதா?" என்றேன். அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. "சரிங்கக்கா" என்றாள். திரும்பி வரும்போது ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்தோம்.

மலையில் அவள் பொலி சொல்வதில்லை. உதட்டைக்கூட அசைக்க மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நிற்பாள், எல்லாரும் சொல்லி முடித்ததும் கொழுந்தில் கை வைப்பாள். மற்றவர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அவள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் உதட்டை அசைக்கிறேன் என்பது அவள் சும்மா நிற்கும்போதுதான் எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு நாள், சத்தம் வராத என் உதட்டை அவள் கவனித்தும் விட்டாள். என்றைக்காவது ஒரு நாள் வாய்தவறி என் பெயரையும் சொல்லிவிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் விறகு பொறுக்க நாலாம் நம்பர் மலைப் பக்கம் போனேன். மேட்டில் நிற்கிற பெரிய சவுக்கு மரத்தில், கிளை பிரிகிற இடத்தில், பூசணிக்காய் அளவுக்கு ஒரு குளவிக்கூடு தொங்கியது. கூட்டைச் சுற்றி நாலைந்து குளவிகள் பறந்துகொண்டிருந்தன. மறுநாள் அந்த மலையில்தான் எங்களுக்குக் கொழுந்து.

கங்காணியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த மலையை விட்டுவிட்டு, கொழுந்தே இல்லாத மேல்மலைக்கு அனுப்புவார்கள். அங்கே நாள் முழுக்கக் கிள்ளினாலும் கூடை நிறையாது. போன வருஷம் ஒருத்தி குளவி இருக்கிறது என்று சொல்லப்போய், மலையை மாற்றிவிட்டார்கள். ஒரு மாசத்துக்கு யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதவ" என்று பேரே வைத்துவிட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் குளவிக்கூட்டைப் பார்த்தால், பார்த்தவள் அந்த மரத்துக்குத் தள்ளிப் போய்க்கொள்வாள், அவ்வளவுதான். எத்தனை பேர் இப்படித் தள்ளிப் போயிருப்பார்கள் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

வெள்ளிக்கிழமை காலையில் கங்காணி நிரை பிரித்தார். சவுக்கு மரத்தடி நிரை என் பங்குக்கு வந்தது. என் பக்கத்துக் காம்பரா அக்காவுக்குப் பள்ளத்து நிரை. பதினைந்து வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிறவர்கள் நாங்கள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மேடு ஏற முடியல, நெரய மாத்திக்குவமா?" என்றேன். "இதுக்கு என்னடி கெஞ்சல்" என்று அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். கங்காணி பொலி சொல்லச் சொன்னார். நான் உதட்டை அசைத்தேன். ராகலைப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பத்து மணி இருக்கும். "குளவி!" என்று மேட்டிலிருந்து ஒரு அலறல். ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். சிலர் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு செடிக்கு அடியில் படுத்தார்கள். அக்காவால் ஓட முடியவில்லை. தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிறு பின்னால் இழுக்க, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்துவிட்டார். ஆண்கள் சாக்கைப் போட்டு மூடித் தூக்கி வரும்போது முகம் எது, கழுத்து எது என்று தெரியவில்லை. கொழுந்து லொறியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ராகலைப் பிள்ளையும் ஏறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். எனக்கு ஒரு கொட்டுகூட இல்லை.

அன்றைக்குப் பின்னேரம் பீலியடியில் பேச்சு தொடங்கியது. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. "பொலி சொல்லாம ஒருத்தி மலையில கால் வெச்சா முனியாண்டி சும்மா இருப்பாரா?" பயந்து போயிருந்த சனம் அது. கண்ணுக்கு முன்னால் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போனால், ஏன் என்று ஒரு பதில் வேண்டும்தானே. அந்தப் பதில் பொட்டில்லாத நெற்றியோடு, ஆஸ்பத்திரியில் இருந்து நடந்து வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்து, கல்லுக்கு முன்னால் நின்று மூன்று தரம் பொலி சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் அப்படியே ராகலைக்கு பஸ் ஏற வேண்டும். பையன் போனில், "அம்மா சொல்றதச் செய்யேன், ஒரு வார்த்ததானே" என்றானாம். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் காம்பரா பூட்டிக் கிடந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டேன். நான் விறகோடு அந்த மலையிலிருந்து இறங்கியதைக் கங்காணி பார்த்திருப்பாரோ? நிரை மாற்றியதை யாராவது நினைத்துப் பார்ப்பார்களோ? அந்தப் பிள்ளை மட்டும் வாய் திறந்து, "நான் ஒருத்தி மட்டுமா பொலி சொல்லல? இந்தக்காவும்தான் சொல்றதில்ல" என்று சொல்லிவிட்டால் போதும். சனிக்கிழமை முழுக்க அதற்காகவே காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை. அத்தனை பேர் கேள்வி கேட்டும், என்னைச் சபையில் பார்த்ததாகக்கூடச் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்தது எனக்கு வெறும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மாறாக நெஞ்சுக்குள் அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன். அவளை மாமியார் விடவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்து, "ஆண்டவரே, எனக்குத் தைரியம் தாரும்" என்று கேட்டேன். கேட்கும்போதே, தந்துவிடாதேயும் என்று உள்ளுக்குள் இன்னொரு வேண்டுதல் ஓடியது. தந்துவிட்டால் நான் பேச வேண்டுமே! அந்த இரண்டாவது வேண்டுதலும் அவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது ஒன்று புரிந்தது. இத்தனை வருஷம் நான் எல்லாரையும் சந்தேகப்பட்டதற்குக் காரணம், என்னிடம் மறைக்க நிறைய இருந்ததுதான். இவருக்கு முன்னால் மட்டும் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. சவுக்கு மரம் தெரியும், முழங்கால் தெரியும், அசைகிற உதடு தெரியும், சந்தைப் பை தெரியும். இவ்வளவும் தெரிந்துகொண்டே இரண்டு வருஷமாக என்னை அந்த வாங்கில் உட்கார விட்டிருக்கிறார், எழுந்து போ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி அம்மாவைப்போல் இவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்று கேட்கிறார் என்று பட்டது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு நான் தனியாக இல்லை.

அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். லயத்து வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டு, "என்னங்கக்கா, சந்தைக்குப் போய் வெறும் பையோட வர்றீங்க?" என்றாள். குனிந்து பார்த்தேன். மரக்கறி வாங்க மறந்தே போயிருக்கிறேன். பொய் சொல்லத் தயாராக வாயைத் திறந்தேன். "சந்தைக்குப் போகல. சர்ச்சுக்குப் போனேன். ரெண்டு வருஷமா அங்கதான் போறேன்" என்று வந்தது. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். நான் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு மூட்டினேன்.

மறுநாள் பெரட்டு. கங்காணிகள் ஆள் பிரித்து வேலை கொடுக்கிற அந்தத் திடலில் காலைக் குளிரில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ராகலைப் பிள்ளை ஒரு ஓரமாக, துணிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். பையைக் கண்டதும் அவள் என்ன முடிவெடுத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லமாட்டாள், பஸ் ஏறப்போகிறாள். மாமியார் தேங்காயோடு நின்றார்.

"கங்காணி மாமா, ஒரு வார்த்த" என்றேன்.

"அந்த மரத்துல குளவிக்கூடு இருந்தத நான் வியாழக்கெழமையே பாத்தேன். யாருக்கும் சொல்லல. மரத்தடி நெர எனக்குத்தான் வந்துச்சு. முழங்கால் வலின்னு பொய் சொல்லி அக்காவுக்கு மாத்திக் குடுத்தேன். பொலி சொல்லாததுக்கும் குளவிக்கும் சம்பந்தமில்ல. அப்பிடி இருந்தா, நான் ரெண்டு வருஷமாச் சொல்லல. சொல்ற மாதிரி வாய அசைச்சேன். இந்தப் புள்ளக்கி அது தெரியும். அவ என்னக் காட்டிக் குடுக்கல."

அதற்குப் பிறகு நடந்ததை விவரமாக எழுத எனக்கு மனமில்லை. அக்காவின் வீட்டுக்காரர் என் காலடியில் துப்பினார். "ஒங்கூடவாடி அவ பதினஞ்சு வருஷம் சோத்தையும் கறியையும் மாத்திச் சாப்பிட்டா?" என்று கேட்டார். கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டு, "எந்த மரம்?" என்று மட்டும் கேட்டார். அந்த மலையில் அத்தனை உயரத்துக்கு ஒரே ஒரு சவுக்குதான் நிற்கிறது. அவருக்கும் முன்பே தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். அதை நான் கேட்கவில்லை. மாமியார் தேங்காயைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்து, "பைய வூட்டுல வெச்சுட்டு வா, வேலக்கி நேரமாச்சு" என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். வீக்கம் வடிந்திருந்தது, ஒரு கண் இமை மட்டும் பாதி இறங்கியே இருந்தது. வாசலில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "முழங்கால் வலின்னுதானேடி சொன்ன?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. போகச் சொல்லவுமில்லை. துணைக்கு வந்திருந்த தன் மகளிடம், "அவளுக்கும் தேத்தண்ணி ஊத்து" என்றார்.

கூட்டை ஆண்கள் தீ வைத்து எரித்துவிட்டார்கள். அக்கா திரும்ப வேலைக்கு வர மூன்று மாசமானது. அதுவரை என்னோடு பேசியவர்கள் என் வீட்டுக்காரரும் ராகலைப் பிள்ளையும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆசனத்தில் உட்கார்ந்து தலவாக்கலைக்குப் போனோம். பை கொண்டு போவதில்லை.

அக்கா வந்த அன்றைக்கு மறுபடியும் அதே நாலாம் நம்பர் மலை. கங்காணி நிரை பிரித்தார். மரத்தடி நிரை அக்காவுக்கு வந்தது. முதல் பிடியைக் கிள்ளுவதற்கு முன்னால் அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னைப் பார்த்தார்கள். நம்பிக்கையா, சந்தேகமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. விடிந்ததுமே வந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்திருந்தேன். "ஒண்ணுமில்ல, பாத்துட்டேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் பொலி சொன்னார்கள். நானும் ராகலைப் பிள்ளையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

அக்கா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். இறங்கிய இமைக்குக் கீழே இருந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னிக்கு முழங்கால் எப்பிடிடி இருக்கு?"

"நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் நடந்து மரத்தடி நிரையில் நான் ஏறினேன்.